நூறு டிகிரிக்குப் பக்கத்தில் எழுதப்படாத எண்

தண்ணீர் நூறு டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று பள்ளிப் பருவத்தில் மனப்பாடம் செய்த வாக்கியம் நம்மை வாழ்நாள் முழுவதும் விடுவதில்லை. அது பொய்யான வாக்கியம் அன்று. பாதியில் நிறுத்தப்பட்ட வாக்கியம். கடல்மட்டத்தில் காற்று செலுத்தும் அழுத்தமான 1013 ஹெக்டோபாஸ்கலில் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்பதே முழு வாக்கியம். அந்த இரண்டாவது எண்ணை நாம் எழுதுவதில்லை, சொல்வதில்லை, நாளடைவில் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறோம். காவிரிப் படுகையில் பல ஆண்டுகளாக இயற்பியல் கற்பித்து வருபவன் என்ற முறையில், பொருள்களின் நிலை பற்றி மாணவர்களுக்கு உண்டாகும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த விடுபட்ட எண்ணிலிருந்தே தொடங்குகின்றன என்று நான் நம்புகிறேன்.

மறதிக்கு நம் நிலத்தின் அமைப்பும் ஒரு காரணம். தஞ்சாவூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ அறுபது மீட்டர் உயரத்தில் இருக்கிறது; கிழக்கே செல்லச் செல்ல நிலம் தாழ்ந்து, திருவாரூரையும் நாகப்பட்டினத்தையும் அடையும்போது சில மீட்டர்களே மிஞ்சுகின்றன. முந்நூறு மீட்டர் ஏறினால்தான் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும் என்னும்போது, கல்லணையிலிருந்து கோடியக்கரை வரை எங்கே உலை வைத்தாலும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியப் போவதில்லை. கொடைக்கானலுக்குச் சுற்றுலா போய், வாடகைக்கு எடுத்த வீட்டில் திறந்த பாத்திரத்தில் பொன்னி அரிசியை வடிக்க முயல்கிற தஞ்சாவூர்க்காரருக்குத்தான் முதன்முதலாக ஐயம் வரும். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடேறாமல் ஆவியாகிப் போகிறது. அரிசியோ வேகத் தாமதிக்கிறது. கொதிப்பது வேறு, வேகும் அளவுக்குச் சூடாக இருப்பது வேறு என்பதை மலை அங்கே பிரித்துக் காட்டிவிடுகிறது.

பிரஷர் குக்கர் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. 1679இல் தெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் இறுக மூடிய கலனில் எலும்பையும் மென்மையாக்கிக் காட்டினார். அவர் கண்டது இதுதான்: நீராவியை வெளியே விடாமல் அடைத்தால் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் தண்ணீர் கொதிப்பதற்கு இன்னும் கூடுதல் வெப்பநிலை தேவைப்படும். நம் சமையலறைக் குக்கரில் வெயிட் தூக்கும் நேரத்தில் உள்ளே அழுத்தம் வெளியில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. தண்ணீரின் வெப்பநிலை சுமார் 120 டிகிரி. துவரம்பருப்பு அந்த இருபது டிகிரியில்தான் குழைகிறது.

உருகுதலுக்கு வரும்போது அழுத்தத்தின் கை அவ்வளவு நீளமில்லை. மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் பாட்டிலின் அடியில் வெள்ளையாக உறைவதும், வெயில் ஏறியதும் தெளிவதும், அதன் உருகுநிலை 24, 25 டிகிரிக்கு அருகில், அதாவது நம் ஊர்க் குளிர்காலத்தின் இரவுக்கும் பகலுக்கும் நடுவே அமைந்திருப்பதால்தான். வளிமண்டல அழுத்தம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் அந்த எண்ணெய்க்கு ஒன்றும் ஆகாது. காலியம் என்ற உலோகம் 29.8 டிகிரியில் உருகுகிறது. பனிநாட்டு ஆய்வகத்தில் அதைத் திண்மம் என்று எழுதிவைக்கலாம், சித்திரை மாதத்துக் கும்பகோணத்தில் அது மேசைமேல் ஓடும். திண்மமும் திரவமும் கன அளவில் அதிகம் வேறுபடுவதில்லை என்பதால், ஆயிரக்கணக்கான வளிமண்டலங்களின் அழுத்தம் இல்லாமல் உருகுநிலை பெரிதாக நகராது. நீர் மட்டும் இதிலும் தனிவழி போகிறது. பெரும்பாலான பொருள்களை அழுத்தினால் உருகுநிலை உயரும். பனிக்கட்டியை அழுத்தினால் அது குறையும், ஒரு வளிமண்டலத்துக்கு ஏறக்குறைய 0.0075 டிகிரி. உருகும்போது பனிக்கட்டி சுருங்குவதே காரணம். ஜேம்ஸ் தாம்சன் இதைக் கணக்கிட்டு 1849இல் முன்கூட்டியே சொன்னார். பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட அவருடைய தம்பி வில்லியம் தாம்சன் மறு ஆண்டே சோதித்து உறுதிசெய்தார். இவ்வளவு சிறிய எண்ணைத் தேடிப்போய் அளந்த அந்த அக்கறை எனக்கு எப்போதும் மதிப்பை உண்டாக்குகிறது.

திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையில்தான் அழுத்தம் முழு அதிகாரத்தோடு நுழைகிறது. இதைக் காண ஆய்வகம் தேவையில்லை. வீட்டுக்கு வரும் சிவப்புச் சிலிண்டர் போதும். அதிலுள்ள 14.2 கிலோ சரக்கில் பெரும்பகுதி வாயுவாக இல்லை, திரவமாகவே இருக்கிறது. சிலிண்டரை ஆட்டினால் உள்ளே அலம்பும் ஓசை கேட்கும். அதில் கலந்திருக்கும் புரொப்பேன் சாதாரண அழுத்தத்தில் −42 டிகிரியிலும், பியூட்டேன் −0.5 டிகிரியிலும் கொதிப்பவை. ஆகவே திறந்தவெளியில் நம் ஊர் வெப்பத்தில் இரண்டும் வாயுக்களே. ஆனால் 30 டிகிரியில் புரொப்பேனை ஏறக்குறைய 10.8 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய கடல்மட்டக் காற்றின் அழுத்தம்) அழுத்தத்திலும், பியூட்டேனை ஏறக்குறைய 2.8 பார் அழுத்தத்திலும் வைத்தால் அவை திரவமாகிவிடும். குளிரூட்டவே வேண்டியதில்லை, அழுத்திப் பிடித்தால் போதும். ஒரு குடும்பத்தின் பல வார எரிபொருள் ஒருவர் தோளில் தூக்கும் கலனுக்குள் அடங்கியது இப்படித்தான்.

கல்யாண மண்டபங்களின் சமையற்கட்டில் இந்த இயற்பியலின் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். முகூர்த்த நாளில் பெரிய அடுப்புகளுக்கு ஒரே சிலிண்டரிலிருந்து விடாமல் வாயு இழுக்கப்படும்போது, சிறிது நேரத்தில் சிலிண்டரின் வெளிப்புறம் சில்லிட்டு, கீழ்ப்பகுதியில் வியர்வைபோல் நீர் துளிர்த்து, சுடர் குன்றத் தொடங்கும். “கேஸ் உறைஞ்சுபோச்சு தம்பி, வெந்நீர் கொண்டாரச் சொல்லுங்க” என்று தலைமைச் சமையற்காரர் குரல் கொடுப்பார். அவர் செய்வது பலிக்கும். காரணம் மட்டும் சற்று வேறு: உள்ளே எதுவும் உறையவில்லை, பியூட்டேன் உறைய −138 டிகிரி வேண்டும். நடப்பது என்னவென்றால், உள்ளிருக்கும் திரவம் ஆவியாவதற்கு உள்ளுறை வெப்பம் வேண்டும். ஒரு கிலோ எரிவாயு ஆவியாகக் கேட்கும் வெப்பம், ஒரு கிலோ பனிக்கட்டி உருகக் கேட்கும் வெப்பத்துக்கு ஏறக்குறைய சமம். சுற்றியுள்ள காற்று அந்த வேகத்தில் வெப்பம் கொடுக்க முடியாதபோது திரவம் தன் வெப்பத்தையே செலவழித்துக் குளிர்கிறது. குளிர்ந்தால் அதன் ஆவி அழுத்தம், அதாவது திரவத்துக்கு மேலே திரளும் ஆவி செலுத்தும் அழுத்தம், விழுகிறது. அழுத்தம் விழுந்தால் அடுப்புக்கு வரும் வாயு குறைகிறது. தொட்டியில் வைத்த வெந்நீர் அந்தக் கடனை அடைக்கிறது. வெளியே துளிர்த்த நீரின் மேல்விளிம்பு உள்ளே திரவம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதையும் காட்டிக்கொடுக்கும். ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்து, எது வரைக்கும் ஈரம் காயாமல் நிற்கிறது என்று பார்க்கும் வீட்டுப் பழக்கமும் இதே அடிப்படையில்தான் பலிக்கிறது. திரவம் நிற்கும் பகுதி மெதுவாகக் காயும்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். நம் படுகையின் மண்ணுக்கடியிலிருந்தே இயற்கை எரிவாயு எடுக்கப்படுகிறதே, குத்தாலத்திலும் திருமக்கோட்டையை அடுத்த கோவில்களப்பாலிலும் அதைக்கொண்டு மின்சாரம் எடுக்கிறார்களே, அதையும் ஏன் சிவப்புச் சிலிண்டரில் திரவமாக அடைத்துத் தருவதில்லை? மாணவர் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்கும் நாளே பாடம் உண்மையில் தொடங்கும் நாள். அந்த வாயு பெரும்பாலும் மீத்தேன். மீத்தேனைத் தஞ்சாவூர் வெப்பத்தில் நூறு பார் அழுத்தினாலும், ஆயிரம் பார் அழுத்தினாலும் அது திரவமாகாது. நெருக்கமான வாயுவாகும், மிக நெருக்கமான வாயுவாகும், ஆனால் கலனின் அடியில் திரவம் திரண்டு மேலே ஒரு பரப்பு தெரியும் நிகழ்ச்சி நடக்கவே நடக்காது. −82.6 டிகிரிக்குக் கீழே குளிர்வித்த பிறகுதான் அழுத்தத்துக்கு அங்கே வேலை கிடைக்கும். அந்த எல்லைக்கு மாறுநிலை வெப்பநிலை என்று பெயர். புரொப்பேனுக்கு அது 96.7 டிகிரி, பியூட்டேனுக்கு ஏறக்குறைய 152 டிகிரி. இரண்டும் நம் கோடைக்கு வெகு மேலே. மீத்தேனுக்கு வெகு கீழே. ஆகவே மீத்தேன் குழாய்வழியே போகிறது, அல்லது வாகனங்களுக்காக இருநூறு பாருக்கு மேல் அழுத்தப்பட்ட வாயுவாகவே போகிறது, அல்லது −162 டிகிரிக்குக் குளிர்விக்கப்பட்டுக் கப்பலில் திரவமாகப் போகிறது.

இந்த எல்லையை முதலில் தெளிவாக அளந்து காட்டியவர் பெல்ஃபாஸ்ட் நகரில் பணிபுரிந்த தாமஸ் ஆண்ட்ரூஸ். 1869இல் அவர் கரியமில வாயுவைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, ஒவ்வொரு வெப்பநிலையிலும் படிப்படியாக அழுத்திப் பார்த்தார். 30.92 டிகிரிக்குக் கீழே திரவம் திரண்டது. அதற்கு மேலே எவ்வளவு அழுத்தியும் திரளவில்லை. இன்றைய அளவீடு 31 டிகிரிக்கு மிக அருகில் இருக்கிறது. அந்த இடத்தில் அழுத்தம் 73.8 பார். திரவத்துக்கும் வாயுவுக்கும் நடுவே கடக்க முடியாத சுவர் இல்லை, சுற்றிக்கொண்டு போக ஒரு வழி இருக்கிறது என்பதை அவருடைய சோதனை உலகுக்குக் காட்டியது. திரவத்தைச் சூடாக்கி, பின் விரித்து, பின் குளிர்வித்து, எந்தக் கணத்திலும் கொதிக்காமலே அதை வாயுவாக்கிவிடலாம்.

முப்பத்தொரு டிகிரி என்ற அந்த எண்ணை எங்கள் ஊரில் நின்று படிக்கும்போது அதற்குத் தனிப் பொருள் வந்துவிடுகிறது. பெல்ஃபாஸ்டில் அது ஆய்வகத்தில் நீர் சூடாக்கி எட்டிய வெப்பநிலை. காவிரிப் படுகையில் பங்குனியிலிருந்து ஆவணி வரை பெரும்பாலான பகல்களில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடுகிறோம். பன்னீர் சோடா போடும் சிறிய சோடாக் கம்பெனியின் மூலையில் சாய்த்து வைத்திருக்கும் கரியமில வாயுச் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழிக் காலையில் அதனுள்ளே தெளிந்த திரவமும் மேலே வாயுவும் இருக்கும்; 20 டிகிரியில் அழுத்தம் 57 பார் அளவில் நிற்கும். அதே சிலிண்டர் வைகாசி நண்பகலில் 37 டிகிரியை எட்டும்போது உள்ளே திரவமும் இல்லை, நாம் வழக்கமாகச் சொல்லும் வாயுவும் இல்லை. இரண்டுக்கும் இடையிலிருந்த பரப்பு மறைந்து, திரவத்துக்கு அருகான அடர்த்தியோடு, வாயுவைப்போல் கலன் முழுவதும் பரவிய ஒற்றைப் பாய்மம் மட்டுமே இருக்கிறது. அந்த நிலையில் அழுத்தம் எவ்வளவு நிரப்பினோம் என்பதைப் பொறுத்து வேகமாக ஏறும். சிலிண்டரை முழுக்க நிரப்பாமல் எடை பார்த்து நிரப்புவதும், அழுத்தம் எல்லை மீறினால் கிழிந்து வழிவிடும் தகடு வைப்பதும், வெயிலில் போடக்கூடாது என்று எச்சரிப்பதும் இதற்காகத்தான். திண்மம், திரவம், வாயு என்று மூன்றோடு நிறுத்திக்கொள்ளும் பாடநூலுக்கு வெளியே ஒரு நிலை, கோலி சோடாவுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு கோடையிலும் வந்துபோகிறது.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை அறிவு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அது தேவைப்படும். ஆக்சிஜனின் மாறுநிலை வெப்பநிலை −118.6 டிகிரி. ஆகவே நோயாளியின் கட்டிலருகே நிற்கும் ஆக்சிஜன் சிலிண்டரில் இருப்பது வாயு மட்டுமே, ஒரு சொட்டுத் திரவமும் இல்லை. நிரம்பிய சிலிண்டரின் மானி 150 பார் காட்டினால், 75 காட்டும்போது ஏறக்குறையப் பாதி தீர்ந்துவிட்டது என்று கணக்கிடலாம்; மானி நம்பகமானது. சமையல் எரிவாயுவுக்கும் குளிர்ந்த நாளின் கரியமில வாயுவுக்கும் இந்தக் கணக்கு செல்லாது. அவற்றில் திரவம் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்வரை அழுத்தத்தை முதன்மையாக முடிவு செய்வது வெப்பநிலை. இருப்பு எவ்வளவு என்பது அழுத்தத்தில் பெரிதாகத் தெரியாது. அவற்றை எடைபோட்டுத்தான் அறிய வேண்டும். 2021 பெருந்தொற்றுக் காலத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்ட திரவ ஆக்சிஜன் வேறு வகை: அது −183 டிகிரிக் குளிரால், வெப்பம் புகாத உறைபோட்ட பெருந்தொட்டியில் திரவமாக வைக்கப்பட்டிருப்பது. ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 860 லிட்டர் வாயுவாக விரியும். பெரிய மருத்துவமனைகளின் வளாகத்தில் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில், திரவத்தை வாயுவாக்கும் அலுமினியக் குழாய்ச் சிறகுகளின் மேல், கொளுத்தும் வெயிலிலும் வெண்பனி படர்ந்திருப்பதைக் காணலாம்.

நாகப்பட்டினத்து மீன்பிடித் துறைமுகங்களுக்கு அருகிலுள்ள ஐஸ் கம்பெனிகள் இதே விதிகளை வேலைக்காரர்களாக அமர்த்திக்கொண்டவை. அம்மோனியா சாதாரண அழுத்தத்தில் −33 டிகிரியில் கொதிப்பது. அதன் வாயுவை அமுக்கியால் 14, 15 பார் வரை அழுத்தினால், 40 டிகிரிக்கு அருகிலேயே, அதாவது நம் ஊர் வெயிலில் வைத்த தண்ணீரைக் கொண்டே அதைக் குளிர்வித்துத் திரவமாக்க முடிகிறது. அந்தத் திரவத்தைக் குறுகிய வழியில் விட்டு அழுத்தத்தை 2.4 பாருக்கு இறக்கினால் அது −15 டிகிரியில் கொதிக்கத் தொடங்கி, சுற்றியுள்ள உப்புத் தண்ணீரிலிருந்து வெப்பத்தை உறிஞ்சும். உப்பு கலந்ததால் −10 டிகிரியிலும் உறையாத அந்தத் தண்ணீரில் கேன்களை இறக்கி, கேனுக்குள் இருக்கும் நல்ல தண்ணீரைப் பாளம் பாளமாக உறையவைக்கிறார்கள். ஒரே பொருள் ஒரு குழாயில் சூடாக ஒடுங்கித் திரவமாவதும், அடுத்த குழாயில் குளிராகக் கொதித்து வாயுவாவதும் அழுத்தம் என்ற ஒற்றைக் கைப்பிடியால்தான்.

கொதிக்காமலே ஆவியாகும் தண்ணீருக்கு வேதாரண்யம் போக வேண்டும். 1930இல் இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து வந்தவர்கள் அள்ளிய உப்பு, சூரியனும் காற்றும் சேர்ந்து செய்த உப்பு. அகத்தியம்பள்ளிப் பாத்திகளில் இன்றும் அப்படித்தான் விளைகிறது. இங்கே கணக்கில் வரும் அழுத்தம் மொத்தக் காற்றின் அழுத்தம் அன்று. காற்றில் கலந்திருக்கும் நீராவியின் பங்கு மட்டுமே. 30 டிகிரியில் தூய நீரின் ஆவி அழுத்தம் ஏறக்குறைய 42 ஹெக்டோபாஸ்கல். பாத்தியில் உப்பு நிறைசெறிவை, அதாவது அதற்கு மேல் கரைய முடியாத அளவை, எட்டிய பிறகு அது முக்கால் பங்காக, 32 அளவுக்கு, இறங்கிவிடுகிறது. காற்றிலுள்ள நீராவியின் பங்கு அதைவிடக் குறைவாக இருந்தால் தண்ணீர் போகும், உப்பு பூக்கும். கூடுதலாக இருந்தால் வெயில் அடித்தாலும் பாத்தி காயாது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும் நாள்களில் உப்பளத்தில் விளைச்சல் நின்றுபோவது இதனால்தான். ஐப்பசி, கார்த்திகையில் நம் வீட்டு உப்பு ஜாடியில் நீர் விட்டுக்கொள்வதும் இதே எல்லையின் மறுபக்கம்: உப்பு காற்றிலிருந்து நீராவியை இழுத்துத் திரவமாக்கிக்கொள்கிறது. பொடியுப்பைவிடக் கல்லுப்பு முன்னதாகவே கசியக் காரணம், அதில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டு ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கிவிடும் என்பது.

பூசையறைக் கற்பூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பதங்கமாகும் பொருள், அதாவது திண்மத்திலிருந்து நேரே ஆவியாகும் பொருள், ஆகவே திரவமாகாது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். மூடிய கலனில் சூடாக்கினால் 175 டிகிரியை ஒட்டி அது நன்றாகவே உருகும். திறந்த தட்டில் அதன் ஆவியைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடுவதால் மெல்லக் கரைகிறது, அவ்வளவுதான். சாதாரண அழுத்தத்தில் திரவமாகவே முடியாத பொருள் உலர்பனி எனப்படும் திண்மக் கரியமில வாயுதான்: கரியமில வாயு திரவ உருக்கொள்ள 5.2 பார் அழுத்தமாவது வேண்டும்.

கடைசியாக நாச்சியார்கோவில். புவிசார் குறியீடு பெற்ற குத்துவிளக்குகளை வார்க்கும் அந்தப் பட்டறைகளில் பித்தளை உருகும்போது, அதை உருக்கும் கலமான மூசையிலிருந்து வெண்புகை எழும். தாமிரம் உருக 1085 டிகிரி வேண்டும். அதனோடு சேரும் துத்தநாகமோ 420 டிகிரியில் உருகி, 907 டிகிரியில் கொதித்தே போய்விடும். தனியாக இருந்தால் அந்தச் சூட்டில் துத்தநாகம் முழுவதும் வாயு. தாமிரத்தில் கரைந்திருப்பதால் அதன் ஆவி அழுத்தம் தாழ்ந்து, பெரும்பகுதி உலோகத்துக்குள்ளேயே தங்குகிறது. தப்பித்த பகுதி காற்றில் எரிந்து துத்தநாக ஆக்சைடுத் தூளாகிறது. துத்தநாகத்தைத் தனி உலோகமாகப் பிரித்தெடுப்பது நெடுங்காலம் கைகூடாமல் இருந்ததும் இதனால்தான்: தாதுவைக் கரியோடு சுட்டால் பிறப்பது உலோக ஆவி, அடுப்பின் வாயில் மறுபடி எரிந்துவிடும். இராஜஸ்தானத்து ஜாவரில் 800 ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஆவியைக் காற்றுப்படாமல் கீழ்நோக்கி இறக்கிக் குளிர்வித்துப் பிடித்திருக்கிறார்கள். பித்தளை வார்ப்பில் தாமிரத்தை முதலில் உருக்கி, துத்தநாகத்தைக் கடைசியில் சேர்த்து, மேலே கரித்தூள் போர்த்துவது ஆவியை அடக்கும் முறை. அப்படியும் எழும் புகையை மூச்சில் இழுப்பவர்களுக்கு அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரக்கூடும். வார்ப்புக்குத் தேவையானதைவிட மூசையைக் கூடுதலாகச் சூடேற்றினால் துத்தநாகத்தின் ஆவி அழுத்தம் விறுவிறுவென்று ஏறுகிறது. விளக்கு வார்ப்பவரின் உலோகமும் உடம்பும் ஒருசேர நட்டப்படுகின்றன. ஆகவே உலையருகே ஒரு நல்ல வெப்பநிலைமானியும், புகையை மேலே இழுத்து வெளியேற்றும் ஒரு கூண்டும் ஒவ்வொரு பட்டறையிலும் இருக்க வேண்டும்.